தறி நிற்கும் நாளில் பேசும் வயர்

எங்கள் தெருவில் அறுபத்திரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மாதம் ஒருமுறை மின்வாரியத்தின் பராமரிப்பு நாளன்று அவை காலை ஒன்பது மணிக்கு ஒன்றாக நின்று மாலை ஐந்து மணிக்கு ஒன்றாக ஓடத் தொடங்கிய காலத்தில், அர்த்தநாரி மாமா மிச்ச ஜரிகை நூலைத் திரித்துச் செய்த ஒரு முழ நீள வயர், தனக்குள் போன சத்தத்தை உடனே வெளியே விடாமல் அடுத்த மின்தடை நாள் வரை வைத்திருந்து, தெரு அடங்கிய பிறகே பேசியது. நான் இதைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அந்த வயரை என் கையால் தொட்டிருக்கிறேன். ஒரு தவறும் செய்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காவிரிக்கு இந்தப் பக்கம், பள்ளிபாளையத்தில், தறிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். உப்பு எங்கே இருக்கிறது என்பதையும் கத்தித்தான் கேட்போம், மூன்று நாளாகக் காய்ச்சல் என்பதையும் கத்தித்தான் சொல்வோம். அதனால் கத்திச் சொல்ல முடியாத சொற்களை எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் சொன்னதேயில்லை. அவை அவரவர் நெஞ்சிலேயே கிடந்து, பஞ்சுத் தூசியோடு சேர்ந்து, வயதான பிறகு இருமலாக வந்தன என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட தெருவில்தான் அர்த்தநாரி மாமா ஒரு ஸ்டீரியோ செட் வைத்திருந்தார். எங்களுக்குப் பக்கத்து வீடு. ஆறு நாள் தறி ஓட்டுவார், ஏழாம் நாள் செட்டைத் துடைப்பார். தண்ணீர் டிரம் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், அவரே கூட்டிச் சேர்த்த ஆம்ப்ளிஃபையர், ஒரு கேசட் பிளேயர். இதில் ஒரு சங்கடம் இருந்தது. கரண்ட் இருந்தால் தறிச் சத்தத்தில் பாட்டுக் கேட்காது. தறி நின்றால் கரண்ட் இருக்காது. நாமக்கல் லாரிக்காரர் ஒருவரிடம் பழைய பேட்டரிகள் இரண்டை வாங்கி வந்து மாமா இந்தச் சங்கடத்தைத் தீர்த்தார். அன்றிலிருந்து மின்தடை நாள் எங்கள் தெருவுக்குக் கேட்கும் நாள் ஆனது.

மாமாவுக்குப் பாட்டு பெரிதில்லை, வயர்தான் பெரிது. பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் பின் வயரைப் பல விதமாகச் செய்துபார்ப்பார். டெலிபோன் வயரில் ஒன்று, டிஷ் வயரில் ஒன்று, எரிந்துபோன தறி மோட்டாரைப் பிரித்து எடுத்த செம்பில் ஒன்று. மின்தடை நாளில் நாங்கள் எல்லோரும் குளித்து, தலை துவட்டி, அவர் வீட்டுத் தரையில் உட்காருவோம். ஒரே பாட்டை, புல்லாங்குழலில் தொடங்கும் ஒரு பழைய பாட்டை, ஒரு வயரில் போட்டுவிட்டு, நிறுத்தி, வயரை மாற்றி, மறுபடி போட்டு, "இப்ப?" என்று கேட்பார்.

"இது கொஞ்சம் தெளிவுங்க மாமா."

"இதுல தபலா தனியா நிக்குதுங்க."

டீக்கடை செங்கோடன், "மொதல்ல பாடுனப்ப அந்தம்மாவுக்குச் சளி புடிச்சிருந்துச்சு. இப்பத் தேவல" என்பார்.

யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாமா ஒவ்வொருவர் சொன்னதையும் ஒரு நாற்பது பக்க நோட்டில், பெயருக்கு ஒரு கட்டம் போட்டு, அவ்வளவு கவனமாக எழுதிக்கொள்வதைப் பார்த்த பிறகு வித்தியாசம் இல்லை என்று சொல்ல எங்களில் யாருக்கும் மனசு வந்ததில்லை.

நோட்டில் ஒரே ஒரு பெயருக்கு நேராக மட்டும் கோடுகள் இருந்தன. அது பாவாயி அத்தை. மாமாவின் மனைவி. இடது பெட்டிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, தறி நாடாவுக்கு நூல் சுற்றும் தார் ராட்டையைக் கையால் சுற்றிக்கொண்டே இருப்பார். "நீ சொல்லு பாவாயி, எந்த வயரு தேவல?" என்று மாமா கேட்பார். அத்தை, "ம்" என்பார். மாமா ஒரு கோடு போடுவார். பின்னால் நான் வைத்த டெஸ்ட்டுக்கு முன்பே, மூன்று வருடத்தில் முப்பத்தைந்து கோடு.

ஜரிகை வயர் ஓர் ஆடி மாதத்தில் வந்தது. பெட்டிக்கு ஒன்றாக இரண்டு வயர் வேண்டும். ஜரிகை ஒன்றுக்குத்தான் போதுமாக இருந்தது, அதனால் மாமா அதை இடது பெட்டிக்கு மாட்டினார். பாட்டைப் போட்டார். இடது பெட்டி பேசவில்லை. "செத்த வயரு" என்று எல்லோரும் எழுந்து போனோம். ஆவணி மின்தடையன்று, கேசட்டே போடாமல், செட்டுக்குப் பேட்டரியைக் கொடுத்தவுடன் இடது பெட்டியிலிருந்து அந்தப் புல்லாங்குழல் வந்தது.

செங்கோடன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "போன மாசம் போட்டது இப்பத்தான் வந்து சேருது" என்றார்.

"தறிச் சத்தத்துல பாடி என்ன பிரயோசனம்னு இருந்திருக்கும்" என்றார் என் அப்பா.

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் ஊரில் கடிதமும் அப்படித்தான் வந்தது, பென்ஷனும் அப்படித்தான் வந்தது. தாமதமாக வருவதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் நாங்கள் இல்லை.

பிளேயருக்குப் பதிலாக ஒரு மைக்கை அந்த வயரில் செருகலாம் என்று யார் முதலில் சொன்னார்கள் என்பது மறந்துவிட்டது. ஆனால் அடுத்த ஆடிக்குள் தெரு முழுவதும் மாமா வீட்டுக்கு வந்து அதில் பேசிக்கொண்டிருந்தது. தறிகள் ஓட ஓட வருவார்கள், மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்து மெல்லப் பேசிவிட்டுப் போவார்கள். மின்தடை நாளில் அது வரிசையாக, வந்த முறைப்படி, வெளியே வரும். ஒரு சுவருக்காக ஆறு வருடம் பேசாமல் இருந்த தம்பி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார். அண்ணன் கேட்டுவிட்டு எழுந்து போய், ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினார். ஒரு பெண், மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று தன் அம்மாவிடம் சொன்னாள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்ன ஏழாம் வாய்ப்பாடு ஒரு மாதம் கழித்துத் தப்போடு வந்தது. அதற்குள் சரியாகக் கற்றுக்கொண்டிருந்த அவன், "அது நானில்லே" என்று அழுதான்.

இதற்கெல்லாம் ஒரு முறையும் தானாக உருவானது. யாருக்கான பேச்சோ அவர் பெட்டிக்கு முன்னால் உட்காருவார். மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வோம். காதில் விழத்தான் விழும். விழாதது போல இருப்பதுதான் மரியாதை.

ஒருமுறை என் அப்பாவின் குரல் வந்தது. "கௌசி, வேலைக்கு அவசரமில்லே கண்ணு. நீ ஊட்ல இருக்கறது எனக்குப் பாரமில்லே." நான் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அப்பா எல்லோரோடும் சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை.

அர்த்தநாரி மாமா மட்டும் அந்த வயரில் பேசவில்லை. மற்றவர்கள் பேசியதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தம்பி அண்ணனிடம் அழுதபோது அவர் பெட்டியில் காதை வைத்து, "ஒரு மாசம் உள்ள கெடந்தும் ட்ரெபிள் மழுங்கலே பாத்தியா" என்றார். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். ஜரிகை வயர் மேலா, செம்பு வயர் மேலா?

"நீ படிச்ச புள்ள. முறையா ஒரு டெஸ்ட்டு வெச்சுக் குடு கௌசி" என்றார்.

எங்கள் தெருவில் தாலுகா ஆபீசிலிருந்து முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியது நான்தான். பி.எஸ்ஸி. இயற்பியல். அதன் பிறகு தெருவில் ஃபேன் நின்றாலும் என்னைக் கூப்பிட்டார்கள், டி.வி.யில் புள்ளி விழுந்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தச் சான்றிதழைத் திருப்பி வாங்க யாரோ தெருமுனையில் வந்து நிற்பது போல இருக்கும். அதனால் இந்த டெஸ்ட்டையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து திட்டம் போட்டேன்.

ஆவணி மின்தடையன்று ஜரிகை வயருக்குள் பாட்டைச் செலுத்திவிட வேண்டும். புரட்டாசியில் அது வெளியே வரும். அதே நாளில், அதே இடது பெட்டியில், அதே பாட்டைச் செம்பு வயரில் போட வேண்டும். எது எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. இரண்டு வயருக்கும் ஒரே கறுப்பு உறை, ஒரே பின். ஜரிகை வயரில் மாமா கட்டியிருந்த ஒரு சிவப்பு நூல் முடிச்சுதான் அடையாளம். அதை அவிழ்த்துவிட்டு, பெட்டிக்கும் செட்டுக்கும் குறுக்கே ஒரு போர்வையைக் கட்டி, நான் மட்டும் பின்னால் இருந்து மாற்ற வேண்டும். ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு மாதம். அந்த ஒரு மாதம் தெருவில் யாரும் வயரில் பேசாமல் மாமாவுக்காக விட்டுக்கொடுத்தார்கள்.

புரட்டாசியில் எல்லோரும் கேட்டார்கள். ஏழு பேர் முதல் வயர் என்றார்கள், எட்டுப் பேர் இரண்டாவது வயர் என்றார்கள். நான் போர்வைக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து, உண்மையைச் சொன்னேன். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குதுங்க மாமா."

மாமாவின் முகம் சுருங்கியது. ஏழும் எட்டும். ஒரே ஒருவர் பாக்கி. அவர் அத்தை பக்கம் திரும்பினார். "பாவாயி, நீ இன்னைக்காவது சொல்லு."

ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது. "ம்" என்றார் அத்தை. முப்பத்தாறாவது கோடு.

"இவகிட்டக் கேட்டேம் பாரு" என்று மாமா எழுந்துவிட்டார். தறி நின்ற அமைதியில் அவர் குரல் கடைசி வீடு வரை போனது. "தறிச் சத்தமும் பாட்டும் ஒண்ணுதான் இவளுக்கு. ரசிக்கத் தெரியாத சென்மம்!"

அது மட்டும் அத்தைக்குக் கேட்டது. ராட்டை நின்றது. நான் போர்வைக்குப் பின்னால், அவசர அவசரமாக, சிவப்பு நூலை எடுத்து வயரில் மறுபடி கட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில், டெஸ்ட் முடிவை நோட்டில் எழுதிக்கொடுப்பதற்காக மாமா வீட்டுக்குப் போனேன். மாமா பட்டறைக்குப் போயிருந்தார். அத்தை சிவப்பு முடிச்சுப் போட்ட வயரில் மைக்கைச் செருகி, உதட்டோடு வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு மைக்கைக் கீழே வைத்து, ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டார்.

"கௌசி! உங்க மாமன்கிட்டச் சொல்லு! நாஞ் சொல்ல வேண்டியத வயர்ல சொல்லிட்டேன்! அக்கா ஊட்டுக்குத் திருச்செங்கோடு போறேன்! கரண்டு நிக்கற அன்னைக்கு வந்து பாப்பேன். கேட்டிருந்தாருன்னா இருப்பேன். இல்லேன்னா அடுத்த பஸ்சுக்கே போயிருவேன்!"

எங்கள் தெருவில் வீட்டை விட்டுப் போவதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

மாமா அந்த மாதம் முழுவதும் வேறு எந்த வயரையும் தொடவில்லை. சோற்றைத் தானே பொங்கி, பாதியைக் காக்காய்க்கு வைத்தார். தீபாவளி ஆர்டர் வேலையில் தெருவில் யாருக்கும் வருத்தப்படக்கூட நேரமில்லை. வேறு யாரும் வயரில் பேச வரவும் இல்லை. அத்தையின் ஒரு நிமிடம் மட்டும் அந்த ஒரு முழ வயருக்குள் இருக்கிறது என்று மாமாவும் நானும் தெருவும் நம்பிக்கொண்டிருந்தோம். பட்டறைக்குப் போகும்போது மாமா அதைத் தூங்கும் குழந்தையைப் பார்ப்பது போல ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்.

ஐப்பசி மின்தடைக்கு முதல் நாள் மாலை, பேட்டரி சரியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். செட்டைப் போட்டேன். மைக் இன்னும் வயரிலேயே இருந்தது. வயரை நகர்த்தும்போது என் வளையல் மைக்கில் இடித்தது. இடது பெட்டியிலிருந்து "டொக்" என்று கேட்டது.

தறிச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அந்த "டொக்" கேட்டது. ஜரிகை வயராக இருந்திருந்தால் அது இப்போது வந்திருக்கக் கூடாது. சிவப்பு முடிச்சை நான் செம்பு வயரில் கட்டியிருக்கிறேன். ஜரிகை வயர் ஒரு மாதமாகச் சுவர் ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. அத்தை பேசிய அன்று செட் அணைந்திருந்தது, அதனால் அவர் குரல் அப்போதும் வெளியே வரவில்லை. அத்தை சொன்னது எங்கேயும் இல்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. நாளைக்குப் பெட்டி பேசாவிட்டால் வயர் செத்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். படித்த பெண் தவறு செய்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த பஸ்ஸில் அத்தை போய்விடுவார்.

"மாமா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. அதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "மாமா! முடிச்ச மாத்திக் கட்டிட்டேன்! அத்தை பேசுனது செம்புல! அது வராது! என் தப்புதான்!"

மாமா ஆணியில் தொங்கிய வயரைப் பார்த்தார், செட்டில் இருந்த வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, நீ ஊட்டுக்குப் போ கண்ணு" என்று அவர் உதடு அசைந்தது.

வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். மாமா ஜரிகை வயரை எடுத்து மாட்டி, மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, முதல் முறையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. ஒன்பதரை பஸ்ஸில் அத்தை வந்தார். கையில் பை இல்லை. தெரு முழுவதும் மாமா வீட்டில் இருந்தது. அத்தை யாரையும் பார்க்காமல் தன் இடத்தில், இடது பெட்டிக்குப் பக்கத்தில், அதற்குத் தன் இடது தோளைக் காட்டி உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தான் சொன்னதை மாமா கேட்டாரா? நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பேட்டரியைக் கொடுத்துவிட்டார்.

பெட்டியிலிருந்து மாமாவின் குரல், நாங்கள் யாரும் கேட்டேயிராத சின்னக் குரலில், வந்தது.

"பாவாயி… நாந்தான். நீ சொன்னது எங்கியோ போயிருச்சு. என்னான்னு தெரியலே. இத்தன வருசமா வயரு என்ன சொல்லுதுன்னே கேட்டுட்டிருந்துட்டேன். அன்னைக்கு எல்லாத்துக்கும் முன்னால அப்பிடிச் சொன்னது தப்பு. நீ தார் சுத்தற சத்தம் இல்லாம இந்த ஊட்ல எந்த வயரும் நல்லால்லே பாவாயி."

நாங்கள் எல்லோரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செங்கோடன் மூக்கை உறிஞ்சினார். குரல் முடிந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பினோம்.

அத்தை சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த பஞ்சை நிதானமாக ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பார்ப்பதைப் பார்த்ததும், "என்ன, இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றார்.

மாமா அத்தையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்கு நேராக இருந்த அந்த இடது காதைப் பார்த்தார். பிறகு தன் நோட்டைப் பார்த்தார். முப்பத்தாறு கோடும் அந்த நிமிடத்தில் அவருக்கு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டிருந்ததை நான் அவர் முகத்தில் பார்த்தேன்.

அவர் எழுந்து அத்தைக்கு வலது பக்கம் போய், தரையில் உட்கார்ந்து, தறிப்பட்டறையில் கத்துவது போல, ஆனால் ஒரு தறியும் ஓடாத அந்த அமைதியில், நரம்பு புடைக்கக் கத்தினார்.

"நீ இல்லாம ஊட்ல எந்த வயரும் நல்லால்லே பாவாயீ!"

காவிரியின் அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள்.

"நாஞ் சொன்னது தப்பூ! சோறு எறங்கலே! நீ ஊட்டுக்கு வாஆ!"

யாரும் சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. இதற்கு அந்த மரியாதை பொருந்துமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அத்தையின் முகம் மெல்லச் சிவந்தது. "எதுக்குங்க இப்பிடிக் கத்தறீங்க, ஊரே பாக்குது" என்றார். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது காதைக் காட்டி, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

மாமா இன்னொரு முறை சொன்னார்.

"எடது காது போயி மூணு வருசமாச்சுங்க" என்றார் அத்தை. "இதும் பாதிதான். அதத்தான் அந்த வயர்ல சொன்னேன்."

"மூணு வருசம்! ஏம் புள்ள சொல்லலே?"

"ரெண்டு பொட்டியிலயும் பாட்டு வருது, நடுவுல நின்னு அந்தம்மா பாடுறான்னு அத்தன ஆசையாச் சொல்லுவீங்க. எனக்கு ஒரு பொட்டிதானுங்க வருது. சொன்னா உங்களுக்கு மனசு ஒடஞ்சு போயிரும்னு இருந்துட்டேன்."

நான் எழுந்து போய் முடிச்சை மாற்றிக் கட்டியதைச் சொன்னேன். அத்தை என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "உன்ற முடிச்சு ஒழுங்கா இருந்திருந்தா பொட்டிதான் பேசியிருக்கும். இவரு பேசியிருப்பாரா?" என்றார். அது நியாயமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தவறு தவறுதான் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கார்த்திகைக்கு முன்னால் மாமா ஜரிகை வயரையும் மைக்கையும் கழற்றிச் செங்கோடனின் டீக்கடைக்குக் கொடுத்துவிட்டார். தெரு இப்போது அங்கே போய்ப் பேசுகிறது. பேசிவிட்டு, டீயும் குடித்துவிட்டு வருகிறது. மாமா என்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னார். இடது பக்கத்துப் பாட்டையும் வலது பக்கத்துப் பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வயராக்க வேண்டும். என் படிப்பில் அதற்கு வழி இருந்தது. சூட்டுக்கோலைப் பிடித்து, ஈயத்தால் பற்ற வைத்து, மூன்று முறை சரிபார்த்துக் கொடுத்தேன். செம்பில் ஒன்றை நான் செய்தேன், அதைப் பார்த்து டிஷ் வயரில் ஒன்றை மாமாவே செய்தார். இருபது வருடம் அளந்து அளந்து தள்ளி வைத்திருந்த இரண்டு பெட்டிகளையும் மாமா தூக்கி வந்து, அத்தையின் வலது பக்கம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அதன் பிறகு எங்கள் தெருவில் யாருக்கும் அந்தம்மா நடுவில் நின்று பாடவில்லை. ஓரமாக, அத்தைக்குப் பக்கத்தில் நின்று பாடினார்.

கார்த்திகை மின்தடையன்று குளித்து, தலை துவட்டி, எல்லோரும் போய் உட்கார்ந்தோம். மாமா செம்பு வயரில் பாட்டைப் போட்டார். நிறுத்தினார். டிஷ் வயரை மாட்டினார். மறுபடி போட்டார். எனக்கு வழக்கம் போல இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன.

"இப்ப?" என்று கேட்டார். எங்களை அவர் பார்க்கவில்லை.

அத்தை ராட்டையை நிறுத்தினார். வலது காதைப் பெட்டிக்குக் கொடுத்து, கண்ணைச் சுருக்கி, புல்லாங்குழல் முடிந்து தபலா வந்து பாட்டு இறங்கும்வரை கேட்டார்.

"மொத வயரே தேவலீங்க" என்றார். "இது தகர டப்பாவாட்டம் இருக்குது."

டிஷ் வயர் மாமா அந்த வாரம்தான் இரண்டு நாள் உட்கார்ந்து செய்தது. அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார், பாவாயி என்ற பெயருக்கு நேராக விரலை ஓட்டிக்கொண்டே போய், கடைசிக் கோட்டுக்கு அடுத்திருந்த கட்டத்தில் தகர டப்பா என்று எழுதினார். கட்டத்தில் இடம் போதாததால் பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் எழுதினார்.